எழுபது வளைவுகளும் ஒரு வீடும்

எங்கள் கணினி அறையில் ஒரு கொல்லிமலை இருக்கிறது. காண விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை வரலாம். செருப்பை மட்டும் வெளியே கழற்றிவிட வேண்டும்.

சென்ற ஜூன் மாதம், பத்தாம் வகுப்பின் முதல் வாரத்தில், சிஸ்டர் அவர்கள் லுவாண்டி என்னும் கணினி விளையாட்டை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். 2024 வரை அதன் பெயர் மினிடெஸ்ட். மைன்கிராஃப்ட் போன்றதே. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய கணினியிலும் ஓடும். ஒரு கணினியில் உலகை வைத்துவிட்டால், இணையம் இல்லாமலே மற்றக் கணினிகளிலிருந்து அனைவரும் அதே உலகிற்குள் நுழையலாம். மழைக்காலத்தில் நம் மலையில் சிக்னல் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அவ்வுலகில் எல்லாம் பிளாக்குகளே. ஒரு பிளாக் ஒரு மீட்டர். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை உள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓராண்டில் கட்டி முடிப்பதென்று துணிந்தோம். அருவிக் குழுவினர் ஆகாய கங்கைக்கு 90 பிளாக் உயரம் அடுக்கினர். வயல் குழுவினருக்குச் சாமை கிடைக்கவில்லை. கோதுமையை நட்டு, 'சாமை' என்று பலகை வைத்துவிட்டனர்!

நாங்கள் ஆறு பேர் சாலைக் குழு. ஆகஸ்டுக்குள் 30 வளைவுகளை முடித்த கர்வம் எங்களுக்கு. 31-ஆவது வளைவின் வழியில் ஓர் ஓட்டு வீடு நின்றது. யாருடையது என்று கேட்கவில்லை. இடித்தோம்.

அது எங்கள் தோழி ஒருத்தி, தன் பாட்டி வாழ்ந்த வீட்டை நினைவிலிருந்து மூன்று வாரமாகக் கட்டியது. உண்மையான வீடு இப்போது இல்லை. உலகின் நகலையும் நாங்கள் எடுத்து வைத்திருக்கவில்லை. "திண்ணை எத்தனை பிளாக் நீளம் இருந்தது, பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் யாரும் கணினி அறைப் பக்கம் போகவில்லை. சிஸ்டர் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. நைரோபி நகரின் கிபேரா குடிசைப் பகுதியைப் பற்றிச் சொன்னார்கள். 2012-இல் ஐ.நா. வாழ்விட அமைப்பும் மைன்கிராஃப்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், அங்கு வாழும் மக்களையே விளையாட்டின் முன் உட்காரவைத்து, தங்கள் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டிக் காட்டச் சொன்னார்களாம்.

மறுநாள் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினோம். எதையும் இடிப்பதற்கு முன் காரணத்தை அதில் எழுத வேண்டும். கட்டியவள் கையெழுத்திட வேண்டும். வெள்ளிதோறும் உலகைப் பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும். சண்டை ஓய்ந்ததென்று எண்ணாதீர்கள். நோட்டில் 'முடியாது' என்ற சொல்தான் மிகுதி. வேலையும் மெதுவாயிற்று. ஜனவரி முடிய 44 வளைவுகளே ஆகியுள்ளன.

31-ஆவது வளைவைச் சற்று ஒதுக்கிவிட்டு, அவள் சொல்லச் சொல்ல வீட்டை நாங்களே திரும்பக் கட்டினோம். திண்ணைக்கு ஐந்து பிளாக் வைத்தோம். அவளுக்கே அது உறுதியில்லை.

எஞ்சிய 26 வளைவுகளும், நோட்டும், பென்டிரைவும் இனி ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு. நோட்டில் கடைசியாக எழுதியிருப்பவள் எங்கள் தோழிதான்: 'திண்ணை ஆறு பிளாக் என்று அம்மா சொல்கிறார்கள். சாலையோரம் ஒரு பிளாக்கை இடிக்க வேண்டும்.'

ஆறு பேரும் கையெழுத்திட்டோம்.