விடுபட்ட ஒரு சொற்றொடர்

மட்டக்களப்பு என்றதும் பிறர் உள்ளத்தில் எழுவன பாடும் மீனும் வாவி நிலவுமே. எனக்கோ புளியந்தீவிலே அவ்வாவியை நோக்கி நிற்கும் பழைய கோட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். இரு புறமும் வாவி நீர். மற்றை இரு புறமும் அகழி. மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள். உருவிற் சிறியதாயினும், இலங்கை வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்றுக்கு அது சான்றாக நிற்கின்றது.

ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்திறங்கியது மட்டக்களப்பிலேயே. இங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு நட்புப் பூண்டான். மறு ஆண்டு வந்த டி வேர்ட் என்பானோ மன்னனுடன் பகைத்துத் தோழர் பலருடன் கொலையுண்டான். கண்டிக்குக் கீழ்க்கடல் வழியாகத் துணை வருதல் கூடுமென்பதைக் கண்ட போர்த்துக்கேயர், அவ்வழியை அடைக்கக் கருதி, 1628இல் புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர்.

பத்தாண்டுகள் கழிந்தன. இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான். 1638 மே 18ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. ஐந்தே நாட்களில், மே 23இல், மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலே உடன்படிக்கை செய்துகொண்டனர். போர்ச்செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய வேண்டும்; கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்தலாம். ஆனால், "மன்னன் விரும்பினால்" என்னும் கருத்துடைய சொற்றொடர் மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப்படியில் இருந்தது. ஒல்லாந்தப் படியில் அது காணப்படவில்லை!

எங்கள் இல்லத்திலே காணி உறுதி எழுதும் நாளில், நொத்தாரிசு ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்து முடிக்குமட்டும் என் தந்தையார் பேனாவைத் தொடமாட்டார். "எல்லையில் ஒரு சொல் தவறினால் ஒரு தலைமுறை வழக்காடும்" என்பார். ஒரு துண்டுக் காணிக்கே இத்தனை கவனம் வேண்டுமெனின், ஒரு நாட்டுக்கு எத்துணை வேண்டும்!

விடுபட்ட சொற்றொடரின் விலை பின்னரே தெரிந்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அதனை மன்னனிடம் ஒப்படைக்க ஒல்லாந்தர் மறுத்தனர். கடன் தீரவில்லை என்பது அவர்கள் வாதம். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயிற்று. போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரைப் பெற்ற கதையை, "இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது போல" என்று சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாகக் கூறுவர். மட்டக்களப்புக் கோட்டையோ 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னர் நெடுங்காலம் கச்சேரியாகவும் விளங்கியது.

மற்றுமொன்றும் என் சிந்தையை உறுத்துகின்றது. கைச்சாத்திட்டவருள் ஒருவன் மலைநாட்டு மன்னன். மற்றவர் கடல் கடந்து வந்த வணிகக் கும்பனியின் ஆட்கள். வயலை உழுதவனும் வாவியில் வலை வீசியவனும் அவ்வரிசையில் இல்லை. அவர்தம் ஊரின் பெயர் மட்டும் ஏட்டில் ஏறியது.

மாணவச் செல்வர்கள் ஆண்டுகளை மனனம் செய்வது நன்றே. எனினும் வரலாறு கற்றவன் என்பதற்கு அடையாளம், ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் மூன்று வினாக்களை எழுப்புதலாம்: இதன் மற்றைப் படி எங்கே? இதில் விடுபட்ட சொல் யாது? விடுபட்ட மனிதர் யாவர்?