கிக்டவுன் லீவரும் தங்கமணியும்

அமெரிக்கா வந்தப்புறம் ஆசையா வாங்கின கார், 1972 டாட்ஜ் டார்ட். ஆட்டோமேட்டிக். போன வாரம் கார்புரேட்டரை நானே கழட்டி மாட்டினேன். அதுலேர்ந்து கியர் சீக்கிரமே மாறுது. முந்தறதுக்கு முழுசா மிதிச்சா, கீழ் கியருக்கு இறங்காம வழுக்குது. மெக்கானிக், "கியர்பாக்ஸையே பிரிக்கணும்"னுட்டார். மனசு கேக்கலை.

இஞ்சினை அணைச்சு, வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி, தங்கமணியை ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கச் சொன்னேன். மேலே கார்புரேட்டர் முழுசா திறக்குது. அடியில படுத்துப் பார்த்தா கியர்பாக்ஸ் லீவர் கடைசி வரை பின்னாடி போகலை. இணைப்புக் கம்பியை நான்தான் தொளதொளன்னு மாட்டியிருக்கேன்!

இந்த டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸ்ல கிக்டவுனுக்கு மட்டுமில்லை, உள்ளே ஆயில் பிரஷர் ஏறுறதுக்கும் அந்த லீவர்தான். அது ஏறலைன்னா கிளட்ச் வழுக்கி எரிஞ்சிடும். கம்பி நீளத்தைச் சரி பண்ணினதும், மிதிச்ச உடனே கியர் இறங்குச்சு.

"பார்த்தியா, எவ்வளவு டாலர் மிச்சம்!"னேன்.

"கெடுத்தது யாராம்?"னாங்க தங்கமணி.