அளவுகோல் மாறினால்

முல்லைத்தீவு மணலிற் கரப்பந்தாட்டம் கண்டு வளர்ந்தோம் யாம். 1991இல் அது இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று. அந்நாளில், முதல் நான்கு சுற்றுகளில், பந்தைத் தொடக்கியடிக்கும் அணிக்கே புள்ளி உண்டு. தொடக்க அடி வலையிற் பட்டால் முறை கைமாறும், புள்ளி போகாது. ஆதலின் வலைக்கு மேலெழுந்து அறையும் நெடியவனே அணியின் மாணிக்கம்.

1998இல் சர்வதேசச் சம்மேளனம் விதியை மாற்றத் துணிந்தது. அதன்பின் 15 புள்ளிச் சுற்று 25 ஆயிற்று. எவர் தவறினும் எதிரணிக்குப் புள்ளி. பின்களத்திற் பந்தைக் காக்கவென்றே ‘லிபரோ’ என்னும் ஆட்டக்காரனுக்கும் இடம் கிடைத்தது. முன்னர் ஓரத்தில் நின்ற உயரங் குறைந்தவன் இன்று அணிக்கு இன்றியமையாதவன். அவன் வளரவில்லை, அளவுகோலே மாறிற்று.

புள்ளியிட்டு மாணாக்கரைத் தரம் பிரிக்கும் எம்மனோர் இதனை மறத்தல் தகாது. பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையை ஒதுக்குமுன், எம் கோலையும் ஒருகால் நோக்குவோமாக.