ரெண்டு போக்ஸ் கம்பி

எங்கப்பா பட்டறைக்கு ராஜ்தூத் 350 ஒன்று வரும். 1983-இல் அறிமுகமான வண்டி. சிலிண்டர் ரெண்டு, கார்புரேட்டரும் ரெண்டு! ரெண்டும் ஒரே நேரத்தில் திறக்காவிட்டால் வண்டி உதறும்.

சைலன்சர் சத்தத்தைக் கேட்டே சரிசெய்வார்கள். அப்பாவுக்குப் போன வருஷத்திலிருந்து காது சரியாகக் கேட்காது. அதனால் ஒரே அளவில் ரெண்டு சைக்கிள் போக்ஸ் கம்பி எடுத்தோம். காசே செலவில்லை. இன்ஜினை அணைத்து, ஏர் பில்டரைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் ஒரு கம்பியைச் செருகணும். ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால் ஸ்லைடு தூக்கும், வெளியே நீட்டிய முனை சாயும். ரெண்டும் சேர்ந்து சாயணும். ஒன்று முந்தினால் அந்தக் கேபிளைத் தளர்த்தணும்.

திருகுவது அப்பா. பார்ப்பது நான்.

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் வண்டிக்காரர். அப்பா காதில் விழவில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

"இடது கம்பி முந்துது அண்ணே, கொஞ்சம் பொறுங்க."

- 9-ஆம் வகுப்பு மாணவி