உளி தின்ற புள்ளி

ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் கையில் உளியைப் பிடித்து அச்சுச் செதுக்கப் பழகுகிறார் என்றால், கேட்பவர் நகைக்கவே செய்வர். பிறரைப் பற்றி நாம் இதனைக் கேட்டிருந்தால் நாமும் நகைத்திருப்போம். ஆயினும் அந்தப் பழக்கம் நாம் தீர்க்காமல் வைத்திருந்த கடன் ஒன்றை நினைவூட்டிற்று. ஆதலால் இதனை எழுதத் துணிந்தோம்.

ஐப்பசி மழைக்காலத்தில் கொடைக்கானல் நாயுடுபுரத்திலுள்ள தங்கை வீட்டில் பதினைந்து நாள் தங்கியிருந்தோம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள ஊர். நண்பகலிலேயே மேகம் சன்னலுக்குள் புகுந்துவிடும். 1863இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியைச் சுற்றி நடந்து வருவது ஒன்றே நமக்கு வேலை. மழை அதனையும் தடுத்துவிட்டது. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டுத் திரும்புகையில், அடுத்த வீட்டுத் திண்ணையில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் பழுப்பு நிறத் தகடு ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தோம்.

"உட்காருங்க ஹஜ்ரத். நீங்களும் செதுக்கிப் பாருங்க" என்றார்.

அந்தத் தகட்டின் பெயர் லினோலியம். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் கூட்டி, சணல் துணியின்மேல் பரப்பிச் செய்வது. பிரெடரிக் வால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1860களில் தரைவிரிப்புக்காகக் கண்டது. மரத்தைப்போல் இதற்கு இழையோட்டம் இல்லை; உளி எத்திசையிலும் தடையின்றி ஓடும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் இதனை எடுத்தாளத் தொடங்கினர். 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டி நந்தலால் போஸ் செதுக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் படம் இம்முறையில் ஆனதே.

எவ்விடம் வெண்மையாக வேண்டுமோ அவ்விடத்தைச் செதுக்கி நீக்கவேண்டும். எஞ்சி நிற்பதே மை ஏற்கும். கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பி, உருளையால் தகட்டில் ஏற்றி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் பதியும். மலைக்குளிரில் தகடு விறைத்து உளிக்கு இணங்காது. மாஸ்டர் அதனை வெந்நீர்ப் பையின்மேல் சற்று வைத்து இளக்கித் தருவார். உளி செல்லும் வழியில் மற்றொரு கையை வைக்கலாகாது என்பதை முதல் நாளே நம் விரல் கற்றுக்கொண்டது.

எதனைச் செதுக்குவது? உயிருள்ளவற்றின் உருவம் வரைவதில் நமக்குத் தயக்கம் உண்டு. "குறிஞ்சிப் பூவைச் செதுக்கலாமே" என்றார் மாஸ்டர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அக்குறிஞ்சி இம்மலையில் 2018இல் பூத்தது. இனி 2030இல் எதிர்பார்க்கலாம். கண்ணாற் காணாத பூவைச் செதுக்க மனம் வரவில்லை. 'கலம்' என்னும் சொல்லைத் தேர்ந்தோம். அரபியில் அது எழுதுகோல், தமிழில் கப்பல். இரண்டும் நம் முன்னோரை வாழவைத்தவை.

கற்றவர் என்ற செருக்கில் சொல்லை நேராகவே செதுக்கிவிட்டோம். தாளில் காஃப் இடப்புறமும் மீம் வலப்புறமுமாகத் திரும்பி நின்றது! நம் அரபுத்தமிழ்க் கிதாபுகள் பலவும் கல்லச்சில் வந்தவை. அதில் காத்திபு தாளில் நேராகவே எழுதுவார். தாளிலிருந்து கல்லுக்கு மாறுகையில் எழுத்து திரும்பும். கல்லிலிருந்து தாளுக்கு வருகையில் மீண்டும் நேராகும். லினோவில் அந்தச் சலுகை இல்லை.

"மெல்லிய தாளில் நேரா எழுதி, அதைத் திருப்பிப் போட்டுப் படி எடுங்க" என்றார் மாஸ்டர். நாமோ, எழுத்தறிந்த கைக்குத் திருப்பி எழுத வாராதா என்று முயன்றோம். ஒரு மாலை முழுதும் முயன்றும் வரவில்லை. கை நடுங்கியது. அப்போதுதான் அந்தச் சிறுவன் நினைவுக்கு வந்தான்.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், மலையடிவாரத்து ஊரொன்றில் காலை மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வந்தோம். ஆறு வயதுப் பிள்ளை ஒருவன் தன் பலகையில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடமிருந்து எழுதுவான். குறும்பு என்று எண்ணினோம். மூன்றாம் முறை பிரம்பால் அடித்து, மற்றவர் நகைக்கப் பலகையைத் தூக்கிக் காட்டினோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. காலையில் வலமிருந்து இடமாக ஓதிவிட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதிய பிள்ளை அவன். எழுதத் தொடங்கும் வயதில் பிள்ளைகள் பலர் எழுத்தைத் திருப்பி எழுதுவது இயல்பு என்றும், பெரும்பாலும் அது தானே சீராகிவிடும் என்றும் பின்னாளில் படித்தறிந்தோம். அறிந்த பின்னும் அவனைத் தேடிச் சென்றோமில்லை.

மூன்றாம் தகட்டை மாஸ்டர் சொன்னபடியே செய்தோம். எல்லாம் சரியாக வந்த வேளையில் உளி வழுக்கி, காஃபின் இரு புள்ளிகளில் ஒன்றைப் பெயர்த்துவிட்டது. ஒரு புள்ளி போனால் காஃப் 'ஃபா' ஆகிவிடும்; 'கலம்' 'ஃபலம்' ஆகும். எழுதுகோல் என்ற பொருள் போய், 'ஆகவே இல்லை' என்ற பொருள் வந்து நின்றது.

"ஒட்டலாமா?" என்றோம்.

"ஒட்டலாம் ஹஜ்ரத். ஆனா அச்சு காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறினால் அவனிடமே மன்றாடலாம்; அடியானுக்கு இழைத்த தீங்கை அந்த அடியானே பொறுக்கவேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர் நாம்தாமே!

நான்காம் தகட்டில் சொல் முழுமையாக நின்றது. முதற்படியையும் இறுதிப்படியையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினோம். விசாரித்ததில், அந்தப் பிள்ளை இப்போது வத்தலக்குண்டில் தையற்கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது. கடைக்குச் சென்று, சொல்ல வந்ததைச் சொன்னோம்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு ஹஜ்ரத். முதல்ல டீ சாப்பிடுங்க" என்றார். தேநீர் ஆறும்வரை துணியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "புதுப் பலகை ஹஜ்ரத் அது. முந்தின நாள்தான் எங்க அத்தா வாங்கிக் கொடுத்தாங்க."

நாம் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றோம். அவர் கையை விலக்கவில்லை. "பொறுத்துட்டேன் ஹஜ்ரத்" என்றார்.

இரு படிகளையும் காட்டியபோது, சரியானதை விட்டுவிட்டுத் திரும்பி நின்ற முதற்படியையே அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே அதனைப் பிடித்தார். கண்ணாடியில் 'கலம்' நேராக நின்றது.

புள்ளி இழந்த தகடு இப்போது நம் மத்ரஸாவில், முன்பு பிரம்பு இருந்த இடத்தில் இருக்கிறது.