32 பிள்ளைகளோடு கொடைக்கானலில் நாலு நாள்!

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருக்க, நான் சபை வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டை வட்டாரச் சபைகளைச் சேர்ந்த வாலிபப் பெண்களுக்கு மே மாதம் கொடைக்கானலில் முகாம். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. மொத்தம் 45 ஃபாரம் கொடுத்திருந்தோம். பெற்றோர் கையெழுத்தோடு திரும்பி வந்தவை 30.

வராத 15 வீடுகளிலும் விசாரித்தேன். இரண்டு வீட்டில் பணம்தான் காரணம். ‘அதைச் சபை பார்த்துக்கொள்ளும்’ என்றதும் அந்த இரண்டு பிள்ளைகளும் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். மற்ற 13 வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில். “பொம்பளப் பிள்ளைய ராத்திரி வெளிய தங்க விடுறதில்ல, டீச்சர்.”

எனக்கு இது பழகிய பதில். 1994-ல் பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்த கையோடு, இதே மாதிரி ஒரு முகாமுக்கு நானும் பெயர் கொடுத்தேன். பெட்டியெல்லாம் அடுக்கியாகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில் தாத்தா “வேண்டாம்” என்றார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. அதே வருடம் ஆண் பிள்ளைகள் முகாமுக்குப் போய்வந்த அண்ணன், ஏரியில் படகு ஓட்டிய கதையை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கொடைக்கானலை முதன்முதலில் பார்த்தது 29 வயதில், கணவரோடும் மாமியாரோடும்.

அதனால், “பிள்ளைகளோட வர ஒரு ஆள் வேணுமே” என்று ஐயரம்மா கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.)

எலுமிச்சம்பழமும் இ-பாஸும்

அதிகாலை 4 மணிக்குப் பஸ் கிளம்பியது. அந்த நேரத்திலும் வழியனுப்ப வந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தியின் அப்பா மட்டும் பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். டிரைவரிடம் “மலைல ஓட்டிப் பழக்கம் உண்டுமா?” என்று கேட்டார். பிறகு என்னிடம் வந்து, “தினம் ராத்திரி ஏழு மணிக்கு எம் பிள்ள எங்கூடப் பேசணும் டீச்சர்” என்றார். சரி என்றேன். அந்த ‘சரி’ என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். வண்டி எண்ணைக் கொடுத்து முன்னாடியே பதிவு செய்துவிட்டோம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே கெடுபிடி என்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில்.

மதுரை, வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் திரும்பி மலை ஏறத் தொடங்கியதும் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அடங்கி எலுமிச்சம்பழ வாசனை எழுந்தது. வாந்தி வராதவர்கள் வந்தவர்களுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வேறு சபைப் பிள்ளைகள் சிநேகிதம் ஆனது அங்கேதான் என்று நினைக்கிறேன். டம்டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியைப் பார்த்தோம். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. கோடையில் தண்ணீர் குறைந்து, எதிர்மலையில் வெள்ளை நூல் தொங்குகிற மாதிரி இருந்தது. பெயர் வைத்தவர் மே மாதத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்!

அடுப்படிக்கு வரக் கூடாது

முகாம் என்றதும் கூடாரம் அடித்துத் தூங்கப் போகிறோம் என்று பல பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஊருக்குச் சற்று வெளியே, சபையார் நடத்துகிற ஓட்டுக் கட்டடம். பெரிய ஹாலில் வரிசையாகப் பாய். கம்பளி ஆளுக்கு ஒன்று, குளிர் இரண்டுக்கு. முதல் ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. பாதிப் பேர் குளிரால், மீதிப் பேர் பேச்சால்.

இரவு ஐயரம்மா விதிகளைச் சொன்னார். தனியாக எங்கும் போகக் கூடாது; மூன்று பேராகத்தான் போக வேண்டும். போன் எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருக்கும், மாலை 6.30 முதல் 7.30 வரை பேசிக்கொள்ளலாம். குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு பையில் நாப்கினும் பழைய பேப்பரும் இருக்கும். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று சொன்னார். “இந்த நாலு நாளும் ஒருத்தியும் அடுப்படிக்குள்ள வரக் கூடாது. சமையலுக்கு அண்ணாச்சிமார் ரெண்டு பேர் வந்திருக்காவ.”

ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் எழுந்த கைதட்டலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் தட்டு கழுவப் போன இரண்டு பேரை அண்ணாச்சி விரட்டிவிட்டார்.

பிள்ளைகளுக்காக உருவான ஊர்

இந்த ஊரின் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்குக் குடும்பத்தினரைப் பறிகொடுத்தார்கள். குளிர்ச்சியான, நோயில்லாத இடம் தேடி 1845-ல் இங்கே இரண்டு வீடு கட்டினார்கள். அவற்றின் பெயர் சன்னிசைட், ஷெல்டன். சுமார் 7,000 அடி உயரத்தில் இன்று நாம் பார்க்கிற ஊருக்கு அதுதான் ஆரம்பம். ஏரி 1863-ல் வந்தது, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால். கோக்கர்ஸ் வாக் நடைபாதை 1872-ல்.

“காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறினாங்களா? நாங்க எங்க ஆச்சிக்குப் பயந்து ஏறியிருக்கோம்” என்றாள் ஒரு வாயாடி. ஹால் முழுக்கச் சிரிப்பு.

2030-ல் உனக்கு என்ன வயசு?

இரண்டாம் நாள் வட்டக்கானல் போய், அங்கிருந்து டால்பின் நோஸுக்கு நடை. இறக்கம் முழுக்க மரவேர்கள் படிக்கட்டு மாதிரி பின்னிக் கிடக்கின்றன. வழிகாட்ட வந்த உள்ளூர் அண்ணன், சோலைக்காட்டைக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். முந்தின நாள் பைன் மரங்களுக்குள் விதவிதமாகப் போட்டோ எடுத்தோமே, அது மனிதர்கள் நட்டதாம். இந்தச் சோலைதான் மலையின் சொந்தக் காடு. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

போகிற வழியில் ஒரு சரிவைக் காட்டி, “இதான் குறிஞ்சிச் செடி” என்றார். பூ இல்லாததால் வெறும் பச்சைப் புதர். 12 வருடத்துக்கு ஒருமுறை மலையே நீலமாகிவிடும். கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்து 2030.

உடனே பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். “எனக்கு 18!” “எனக்கு 20, காலேஜ்ல இருப்பேன்!” டயரைத் தட்டிப் பார்த்தாரே, அவருடைய மகள் மட்டும் மெதுவாகச் சொன்னாள். “எனக்கு 21. கல்யாணம் ஆகியிருக்கும்லா.”

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்வது போலச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 97 மார்க் வாங்கிய பெண். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவளோடு நடந்தேன்.

பாறைக்குப் போனதும், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி எல்லோரையும் உட்கார வைத்தோம். கீழே பள்ளத்தாக்கில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. மேகத்தை மேலிருந்து பார்ப்பது எல்லோருக்கும் முதல் தடவை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏறும்போது மூச்சு முட்டி அழுத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை, கையைப் பிடித்து வேர் வேராக ஏற்றிவிட்டவள் அந்த 97 மார்க் பெண்தான்.

பதினாலு மிஸ்டு கால்

பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி வேறு. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். பஸ் இருக்கிற இடத்துக்கு வந்து, முகாம் இல்லத்துக்குத் திரும்பும்போது இரவு மணி எட்டேகால். வழியில் போனுக்கு சிக்னலே இல்லை.

கட்டடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஐயரம்மாவின் போன் விடாமல் சிணுங்கியது. ஒரே நம்பரிலிருந்து 14 மிஸ்டு கால். ஏழு மணிக்கு மகள் பேசாததால் அந்த அப்பா பதறிப்போய், இன்னும் ஆறு வீடுகளுக்குப் போன் செய்து எல்லோரையும் பதறவைத்திருந்தார். நான் எடுத்துப் பேசினேன். “இப்பவே காரை எடுத்துட்டு வாரேன். எம் பிள்ளயக் கூட்டிட்டுப் போயிருதேன்” என்றார். குரல் நடுங்கியது.

தப்பு எங்கள் மேல்தான். ‘மலையில் சிக்னல் கிடைக்காது, ஒருநாள் தாமதமானாலும் பயப்படாதீர்கள்’ என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் வந்து மகளை அழைத்துப் போய்விட்டால், அடுத்த வருடம் 30 ஃபாரத்தில் எத்தனை திரும்பி வரும்? அவர் அன்பில் குறையில்லை. என் தாத்தாவின் அன்பிலும் குறையில்லை.

“நீங்க அவகிட்டயே பேசுங்க அண்ணாச்சி” என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

“அப்பா, நல்லாத்தான் இருக்கேன். மழைல மாட்டிக்கிட்டோம்... இல்லப்பா, எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம். அப்பா, நான் அந்தப் பாறை வரைக்கும் எறங்கி ஏறுனேன். ஒரு சின்னப் பிள்ள அழுதா, நான்தான் கையப் பிடிச்சு ஏத்திவிட்டேன். மேகம்லாம் நமக்குக் கீழ கிடக்குப்பா.” மூச்சு விடாமல் பேசினாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது, ஸ்பீக்கரில் போட்ட மாதிரி எங்களுக்கும் கேட்டது:

“குளுருதாம்மா?”

“குளுருதுப்பா.”

“ஸ்வெட்டரப் போட்டுக்க. தலைல துணியக் கட்டிக்க.”

அவர் காரை எடுக்கவில்லை.

சூரியனைப் பார்த்த பெண்

மூன்றாம் நாள் சூரிய ஆய்வு மையம். 1899-ல் தொடங்கியது, நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் இங்கே கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியனின் விளிம்பில் எழுகிற தீப்பிழம்புகளை இதே மலையிலிருந்து ஆராய்ந்து, தன் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டவர்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் கேட்டாள்: “டீச்சர், அவங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் இங்க வந்தாங்களா?” ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. வெண்திரையில் விழுந்திருந்த சூரியனின் உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை நகர்ந்த பிறகும் நின்றாள்.

அன்று இரவு தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாட்டு, ஜெபம். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார் ஐயரம்மா. ஒருத்தி மலை என்றாள். ஒருத்தி அண்ணாச்சி வைத்த ரசம் என்றாள். ‘யாரும் எங்க போறன்னு கேக்கல’ என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னபோது, எங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தினமும் மூன்று தடவை தலை எண்ணியது நாங்கள்தானே! இருந்தாலும் அவள் சொன்னது எங்களுக்குப் புரிந்தது.

பிள்ளைகளை அனுப்பும் முன்...

உங்கள் வீட்டிலும் ஃபாரம் வந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்ல மாட்டேன். கேளுங்கள். கூட எத்தனை பெண்கள் வருகிறார்கள்? பிள்ளைகள் தூங்கும் இடத்திலேயே அவர்களும் தங்குகிறார்களா? வேறு ஆட்கள் உள்ளே வர முடியுமா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? தினமும் போகிற இடம், திரும்புகிற நேரம் எழுதித் தருவார்களா? சிக்னல் இல்லாத இடம் எது? மருந்து, ஆஸ்துமா, மாதவிடாய் எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கம்பளி மட்டும் இரண்டாகக் கொடுத்து விடுங்கள்.

திரும்பி வந்தபோது

நாலாம் நாள் இரவு 9 மணிக்குப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். அந்த அப்பா எட்டு மணிக்கே வந்துவிட்டாராம். எங்கள் ஊர் மே மாத வெக்கையில், கையில் ஒரு குடையும் மகளின் இன்னொரு ஸ்வெட்டருமாக நின்றிருந்தார். மகள் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு, “கால் வலிக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் அப்பாவிடம் சூரியனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள். என்ன படிக்கப் போகிறாள், 2030-ல் எங்கே இருப்பாள், எனக்குத் தெரியாது. நாலு நாளில் எல்லாம் மாறிவிடாது.

பின்னாலேயே நின்றிருந்த அவள் அம்மா, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், பெரிய பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணும் வைக்க மாட்டீங்களா?”

ஐயரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஃபாரம் அடிக்க வேண்டும்.