பூட்டு வந்தது... பூட்டியவன் வரவில்லை!

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள் நம் பெரியவர்கள். யூனிக்ஸ், லினக்ஸ் உலகிலும் தாய் உண்டு, பிள்ளை உண்டு, நூலும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ், 'ஃபோர்க்' என்ற ஒரே அழைப்பில் தன்னைப் போலவே இன்னொரு ப்ராசஸைப் பெற்றெடுக்கிறது. முன்னது பேரன்ட், பின்னது சைல்டு. ஒரு ப்ராசஸுக்குள் பல வேலைகளை ஒரே சமயத்தில் பார்ப்பவை த்ரெட்டுகள். த்ரெட் என்றால் நூல்தானே!

ஆனால் நண்பர்களே, இங்கே பழமொழி பொய்த்துப் போகிறது. தாயிடம் பத்து நூல் இருந்தாலும் பிள்ளைக்குப் போவது ஒன்றே ஒன்று. ஃபோர்க்கை அழைத்த அந்த நூல் மட்டும்தான்!

"அதனால என்னப்பா?" என்று கேட்பீர்கள். எங்கள் ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டே அதனால்தான் ஆட்டம் கண்டது. முந்தைய பேட்ச் அண்ணன்கள் சி ப்ளஸ் ப்ளஸில் எழுதிய ஒரு சர்வரை மேம்படுத்துவது எங்கள் வேலை. நெட்வொர்க்குக்கு பூஸ்ட் ஏசியோ லைப்ரரி. நான்கு த்ரெட்டுகள் வருகிற கனெக்‌ஷன்களைக் கவனிக்கும். யாராவது ரிப்போர்ட் கேட்டால் சர்வர் ஃபோர்க் செய்யும், சைல்டு ரிப்போர்ட்டைத் தயாரிக்கும். நூறு தடவை ஒழுங்காக ஓடும். நூற்றியோராவது தடவை சைல்டு அப்படியே உட்கார்ந்துவிடும். எரரும் இல்லை, சிபியூ ஓட்டமும் இல்லை!

வைவாவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. "விடுடா மச்சான், எக்ஸ்டர்னல் முன்னாடி ஒரு தடவைதானே ஓட்டப் போறோம்? நின்னா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்றான் என் டீம்மேட். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கேம்பஸில் வேலை வாங்கி வைத்திருந்தான். ப்ராஜெக்ட் கவிழ்ந்தால் அந்த வேலையும் போகும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நின்றுபோன சைல்டை ஜிடிபி கொண்டு பிடித்தோம். உள்ளே ஒரே த்ரெட். லாக் ஃபைலில் முதல் வரி எழுத ஒரு மியூடெக்ஸ் பூட்டுக்காகக் காத்து நின்றது. பூட்டை வைத்திருப்பது யார் என்று பார்த்தால் ஒரு த்ரெட் எண் இருந்தது. அந்த எண்ணில் சைல்டுக்குள் யாருமே இல்லை! அது பேரன்ட்டில் இருக்கும் த்ரெட்.

விஷயம் இதுதான். ஃபோர்க் நடந்த அந்த நொடியில் வேறொரு த்ரெட் பூட்டைப் போட்டிருந்தது. மெமரி முழுவதும் நகலானபோது பூட்டிய நிலையும் நகலானது. பூட்டியவன் மட்டும் வரவில்லை. ஹாஸ்டல் ரூமை பூட்டோடு நகல் எடுத்து, சாவிக்காரனைப் பழைய ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்த கதை! கதவு யுகயுகத்துக்கும் திறக்காது.

ஃபோர்க் யூனிக்ஸின் ஆரம்ப நாட்களிலிருந்தே இருப்பது. பாசிக்ஸ் த்ரெட் ஸ்டாண்டர்டு வந்ததோ 1995-இல். மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒத்துப்போக அந்த ஸ்டாண்டர்டே 'பி-த்ரெட் அட்-ஃபோர்க்' என்ற வழியைத் தந்தது. ஃபோர்க்குக்கு முன் எல்லாப் பூட்டுகளையும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பேரன்ட்டிலும் சைல்டிலும் தனித்தனியே விடுவிக்க வேண்டும். பூட்டியவனே ஃபோர்க் செய்தால் சாவியும் கூடவே வருகிறது அல்லவா?

நெட்வொர்க் லைப்ரரிக்கு இது மட்டும் போதாது. லினக்ஸில் சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் 'இ-போல்' தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவாகிவிடும். பிள்ளை அதில் கை வைத்தால் தாயின் கணக்கு குழம்பும். தாய் மூடிய சாக்கெட்டைப் பிள்ளை திறந்தே வைத்திருந்தால், எதிர்முனைக்குக் கனெக்‌ஷன் முடிந்த சேதியே போகாது. இதற்காகவே ஏசியோவில் 2011 முதல் 'நோட்டிஃபை ஃபோர்க்' இருக்கிறது. ஃபோர்க்குக்கு முன் லைப்ரரி தன் உள் த்ரெட்டுகளை நிறுத்திக்கொள்ளும். சைல்டில் புது இ-போல் உண்டாக்கி சாக்கெட்டுகளை மறுபடி பதிந்துகொள்ளும். ஆனால் அதை அழைக்கும்போது நம்முடைய த்ரெட் எதுவும் ஏசியோவுக்குள் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. அது நம் பொறுப்பு.

நாங்கள் எடுத்த முடிவு எளிமையானது. ஒரு த்ரெட்கூடப் பிறக்காத ஆரம்பத்திலேயே, ரிப்போர்ட்டுக்கென ஒரு சைல்டை ஃபோர்க் செய்துவிட்டோம். பிறகு வேலை வந்தால் பைப் வழியாகச் சொல்லி அனுப்புவது. இரண்டு நாள் இரவும் பகலும் விடாமல் ஓட்டினோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே, "ஏம்ப்பா, ஆரம்பத்திலேயே ஃபோர்க் பண்றீங்க?" என்பதுதான். கணீரென்று பதில் சொன்னவன் அதே 'ரீஸ்டார்ட்' டீம்மேட்!

ஜூனியர் தம்பி தங்கைகளே! ஃபோர்க் செய்வதானால் த்ரெட்டுக்கு முன் செய்யுங்கள். பின்னால்தான் செய்ய முடியும் என்றால், சைல்டில் உடனே எக்ஸெக் செய்து புது புரோகிராமாக மாற்றிவிடுங்கள். பைதான்கூட 3.12 பதிப்பிலிருந்து (2023), பல த்ரெட் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கிறது. "எப்பவாவது ஒரு தடவைதானே நிக்குது" என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அந்த ஒரு தடவைக்கும் ஒரு காரணம் இருக்கும். ஜிடிபியைத் திறந்து, பூட்டியவன் யார் என்று தேடுங்கள்!